கட்டத்துக்குள் வந்த சாம்பு

கறுப்புக் காலிகோ முதுகு. மேலட்டையில் பச்சை மார்பிள் காகிதம். மூலைகள் தேய்ந்து உள்ளே இருக்கும் மட்டை எட்டிப் பார்க்கிறது. முதுகில் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் யாரோ கட்டைப் பேனாவால் ‘சாம்பு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே ஒரு பழைய பேப்பர் கடையில், டெலிபோன் டைரக்டரிகளுக்கும் பத்தாம் வகுப்பு கைடுகளுக்கும் அடியில் கிடந்த பைண்டு வால்யூம் இது. கிலோ கணக்கில்தானே வாங்கினீர்கள், கிலோ கணக்கிலேயே கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் விவரமானவர். “இதெல்லாம் எடைக்கு வராது சார்” என்று தனி விலை சொல்லிவிட்டார்.

வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கும் பழக்கம் தமிழ் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. அப்படித் தைத்த ஒவ்வொரு வால்யூமும் ஒரே பிரதி கொண்ட பதிப்பு. பக்க எண் தாறுமாறாக ஓடும். கதையின் பின்பக்கத்தில் யாருடையதோ கட்டுரையின் வால் தொங்கும். தலைவலித் தைல விளம்பரம் பாதியில் அறுந்து நிற்கும். என்னிடம் உள்ளதில் இன்னொரு விசேஷம் உண்டு. முன்பாதியில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ எழுத்தாக இருக்கிறது. பின்பாதியில் அதே சாம்பு கோபுலுவின் கோட்டில் சித்திரத் தொடராக வருகிறார். இரண்டுக்கும் நடுவே பல வருஷ இடைவெளி. இரண்டையும் பொறுமையாகச் சேர்த்துவைத்து ஒரே முதுகில் தைத்த அந்த வீட்டுக்காரர் யாரோ, பெரிய காரியம் செய்திருக்கிறார். ஒரு துப்பறிவாளர் எழுத்திலிருந்து படத்துக்குக் குடிபெயரும்போது என்ன ஆகிறார் என்பதைப் பக்கம் புரட்டியே பார்க்கலாம்.

தேவன் என்கிற ஆர். மகாதேவன் 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். ஆனந்த விகடனில் சேர்ந்து அதன் நிர்வாக ஆசிரியர் வரை உயர்ந்தவர். ‘மிஸ்டர் வேதாந்தம்’, ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’, ‘சி.ஐ.டி. சந்துரு’ எல்லாம் அவருடையவை. 1957இல் நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். சாம்பு விகடனில் வரத் தொடங்கியது 1942இல். கல்கி விகடனை விட்டுப் போய்ச் சொந்தப் பத்திரிகை தொடங்கியிருந்த நேரம். அந்த வருஷம் சென்னைக்கும் லேசான வருஷம் இல்லை. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கின. அடுத்தது நாம்தான் என்று சென்னைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தன. மிருகக்காட்சி சாலையில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். ஊரே வெலவெலத்துப்போயிருந்த காலத்தில் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஒரு அசட்டு வங்கி குமாஸ்தாவைத் துப்பறிவாளராக்கி நடமாடவிட்டார் தேவன். யுத்தத்தை மனசில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பயந்தாங்கொள்ளி ஒருவர் ஜெயித்துக்கொண்டே போவதை வாராவாரம் படிக்க அதைவிடப் பொருத்தமான வருஷம் கிடையாது.

அதற்கு முன்பு தமிழில் துப்பறிவாளர்கள் எல்லாரும் சூரர்கள். ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன் 1908இலேயே ‘ராஜாம்பாள்’ நாவலில் வந்துவிட்டான். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் வேஷம் போடுவதில் மன்னர். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அவரைப் படமாக எடுத்தபோது எம். என். நம்பியார் பதினொரு வேஷத்தில் வந்தார். சாம்பு இவர்களுக்கு நேர் எதிர். நாற்பதைத் தொட்டவர். முகத்தில் அசட்டுக் களை. நீளமான மூக்கு. எந்தக் குற்றத்தையும் அவர் துப்பறிவதே இல்லை. பயந்து ஓடுவார், ஓடிய இடத்தில் திருடன் இருப்பான். ஏதோ உளறுவார், உளறலே துப்பாகிவிடும். அவரை மேதை என்று நம்பி ஒவ்வொரு வழக்கையும் தூக்கிக்கொண்டு வருபவர் இன்ஸ்பெக்டர் கோபாலன்.

இந்த விளையாட்டு எழுத்தில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தேவன் நம் காதோடு பேசுகிறார். சாம்புவின் தலைக்குள் ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கோபாலன் ஒரு சிக்கலைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார், சாம்பு பதில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் அந்த மௌனத்துக்கு முகம் கிடையாது. ஆழ்ந்த யோசனை என்று கோபாலன் எடுத்துக்கொள்ளலாம். மத்தியானம் சாப்பிட்ட அவியல் செரிக்கவில்லை என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் அந்த வரி இடம் கொடுக்கிறது. அதனால் கோபாலன் எழுத்தில் கெட்டிக்காரராகவே இருக்க முடிகிறது. கைக்குக் கிடைத்த சாட்சியத்தை வைத்து நியாயமாக ஒரு முடிவுக்கு வருகிற நல்ல போலீஸ் அதிகாரி அவர். முடிவு தப்பு, அவ்வளவுதான்.

இனி பின்பாதி. கோபுலு 1945 வாக்கில் விகடனுக்கு வந்தவர். தஞ்சாவூர்க்காரர், கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். சொந்தப் பெயர் கோபாலன். அதைக் கோபுலு ஆக்கியது விகடனின் மூத்த கார்ட்டூனிஸ்ட் மாலி. இன்ஸ்பெக்டர் கோபாலனை வரைய ஒரு கோபாலனே வந்து சேர்ந்தது தேவன் பாணித் தற்செயல்தான். சாம்பு முதலில் வந்தபோது படம் போட்டவர் ராஜு. அவை கதைக்குத் துணையாக வந்த படங்கள். பாரத்தை எழுத்தே சுமந்தது. தேவன் மறைந்த பிறகு விகடனில் வந்த சித்திரத் தொடரில் நிலைமை தலைகீழ். அங்கே கதை சொல்லும் வேலையே கோட்டின் தலையில் விழுந்தது.

கோபுலுவின் பெரிய பலம் வசனமே இல்லாத நகைச்சுவை. ஒருவர் பெஞ்சில் உட்காருகிற தினுசிலேயே அவர் ஊர், உத்தியோகம், அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் சாம்புவுக்கு இந்தப் பலமே இடைஞ்சல். மௌனத்துக்கு முகம் போட்டாக வேண்டும். போட்டால் அது அசட்டு முகமாகத்தான் இருக்க முடியும். அதே கட்டத்தில் எதிரே கோபாலன் நிற்கிறார். நாம் பார்க்கிற அதே மூக்கை, அதே திருதிரு விழியை அவரும்தான் பார்க்கிறார். பார்த்துவிட்டும் ‘ஆஹா, என்ன மூளை!’ என்று வியந்தால் அசடு யார்?

இங்கேதான் கதாபாத்திரம் இடம் மாறுகிறது. சித்திரத் தொடரில் சாம்பு பெரிதாக மாறவில்லை. அவரைச் சுற்றி இருக்கிறவர்கள்தான் மாறிப்போனார்கள். எழுத்தில் ஒரு அசடு, சுற்றிலும் சாதாரண மனிதர்கள். படத்தில் ஊரே கண் தெரியாத ஊர். தேவனின் நகைச்சுவை தற்செயலை நம்பியது; கோபுலுவின் நகைச்சுவை மனிதர்கள் பார்க்க விரும்புவதை மட்டுமே பார்ப்பதை நம்பியது. இரண்டாவது கொஞ்சம் காரம் கூடியது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும் என்றாலும், ஒரு உத்தியோகஸ்தர் பெரிய மனிதர் என்று ஒருமுறை முத்திரை குத்தப்பட்டுவிட்டால் அப்புறம் அவர் தும்மினாலும் அர்த்தம் கண்டுபிடிக்கிற கூட்டம் உண்டு என்பது ஆபீஸ் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். அந்த உண்மை எழுத்தைவிடப் படத்தில்தான் பளிச்சென்று இருக்கிறது.

மேடைக்குப் போனபோது இன்னொன்று நடந்தது. சாம்புவாக நடித்த நடராஜன், ‘சாம்பு’ நடராஜன் ஆகிவிட்டார். பாத்திரம் மனிதரின் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது. பிறகு தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவானார். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்றும் சாம்பு என்றால் அவர் முகம். டிவி சாம்புவைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. நடிகருக்குக் குரல் இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஒரு இழுவையில் மௌனத்தைக் காப்பாற்றிவிடலாம். கட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட சாம்புவின் சங்கடம்தான் தனி ரகம்.

இந்த வால்யூம் தாம்பரம் பக்கம் எப்படி வந்தது? முதல் பக்கத்தில் ஊதா மையில் எழுதியிருந்த விலாசத்தில் பெயர் கரைந்துவிட்டது. ‘மாம்பலம்’ மட்டும் மிச்சம். மீதியை ஊகிக்கப் பெரிய துப்பறிவாளர் வேண்டாம். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சுமார் முப்பது கிலோமீட்டர். 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி ஊருக்குள்ளிருந்து தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அப்புறம் வந்தவர்கள் ரிட்டயரானவர்கள். மாம்பலத்திலும் திருவல்லிக்கேணியிலும் வாடகை வீட்டில் வாழ்நாளைக் கழித்தவர்கள் பிராவிடண்ட் ஃபண்டையும் கிராஜுவிட்டியையும் போட்டு குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் என்று மனை வாங்கி, கிணறு வெட்டி, நாலு தென்னை வைத்து வீடு கட்டினார்கள். தட்டுமுட்டுச் சாமானோடு பைண்டு வால்யூம்களும் லாரி ஏறின. பரணில் இடம் பிடித்தன. மழைக்காலத்தில் ஏரி நீர் வீட்டுக்குள் வரும் பகுதிகளில் கீழ்த்தட்டில் இருந்தவை போயின; பரணில் இருந்தவை பிழைத்தன. பிள்ளைகள் அமெரிக்கா போய், வீடு பிளாட் ஆனபோது பரணும் காலியாயிற்று.

இதில் இடையே ஒரு நிறுத்தம் உண்டு. என் வால்யூமின் கடைசி அட்டையின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. கோடு போட்ட சீட்டு. தேதி ரப்பர் முத்திரைகள் வரிசையாக. அதாவது யாரோ இதை ஒரு லெண்டிங் லைப்ரரிக்கு விற்றிருக்கிறார்கள். தென் புறநகரில் அப்படிப்பட்ட லைப்ரரிகள் தெருவுக்குத் தெரு இருந்தன. வீட்டு முன்னறையில் நாலு இரும்பு ரேக், ஒரு மேஜை, வாசலில் செருப்பு. டெபாசிட் கட்டிவிட்டு ரமணிசந்திரனையும் சாண்டில்யனையும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். சாம்புவின் சீட்டில் முத்திரைகள் நெருக்கமாகவே இருக்கின்றன. இந்தப் பக்கத்து ஜனங்கள் அவரை விடாமல் இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

அதே காலத்தில் தாம்பரம் ஸ்டேஷன் கடைகளில் தொங்கியது வேறு உலகம். ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் மாத நாவல்களில் கிளிப் போட்டுத் தொங்கினார்கள். தாம்பரத்தில் ஏறிப் பிரித்தால் பார்க் ஸ்டேஷனுக்குள் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். அட்டையில் ஏதோ ஒரு மாடல் அழகியின் போட்டோ. கதைக்கும் அவளுக்கும் சம்பந்தம் இருக்காது. அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பரத் எப்படி இருப்பான் என்று யாரும் வரைந்து மாட்டாததால், ஒவ்வொரு பயணிக்கும் அவரவர் பரத் இருந்தான். சுஜாதாவின் கணேஷுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஜெயராஜின் தூரிகை அவனுக்கு ஒரு முகம் கொடுத்தது. வாசகர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1978இல் ‘ப்ரியா’ படமானபோது கணேஷ் ரஜினிகாந்த் ஆனான், லண்டன் சிங்கப்பூர் ஆயிற்று. வக்கீல் பாட்டுப் பாடிச் சண்டையும் போட வேண்டியதாயிற்று. மூளையால் பிழைத்தவனுக்கு முஷ்டி முளைத்துவிட்டது.

என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். சேலையூரில் வீடு. போனில் மாங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதை படிப்பதும் டேப்லெட்டில் படம் வரைவதும்தான் அவளுக்கு மூச்சு. பைண்டை அவளிடம் காட்டினேன். முன்பாதியைத் தள்ளிவிட்டு நேராகப் படத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு,

“மாமா, இவரு கோகோரோ இல்ல?” என்றாள்.

“எந்தக் கோகோரோ?”

“டிடெக்டிவ் கோனான்ல வருவாரே. தூங்கிக்கிட்டே கேஸ் சால்வ் பண்றவரு.”

அந்த மாங்காவை நானும் படித்திருக்கிறேன். ஆவோயாமா கோஷோ 1994இல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. விஷம் கொடுக்கப்பட்டுச் சின்னப் பையனாகச் சுருங்கிவிட்ட கெட்டிக்கார மாணவன், கோனான் என்ற பெயரில் மோரி கோகோரோ என்கிற மொண்ணைத் துப்பறிவாளர் வீட்டில் ஒண்டிக்கொள்கிறான். கடிகாரத்திலிருந்து மயக்க ஊசியைப் பாய்ச்சி அவரைத் தூங்க வைத்துவிட்டு, அவர் குரலில் குற்றத்தை அவிழ்க்கிறான். விழித்து எழும் கோகோரோவுக்குப் புகழ். பையனுடைய முழுப்பெயர் எடோகாவா கோனான்: ஜப்பானியத் துப்பறியும் கதையின் தந்தை எடோகாவா ராம்போவும் கோனான் டாயிலும் சேர்ந்த கலவை. கோகோரோ என்ற பெயரே ராம்போவின் துப்பறிவாளர் அகேச்சி கோகோரோவிடமிருந்து எடுத்தது. அசல் அகேச்சி மகா மேதை. மாங்காவுக்கு வந்தபோது பெயர் மட்டும் மிஞ்சி மூளை ஒரு சிறுவனுக்குப் போய்விட்டது.

என் அக்கா மகள் சொன்னது பாதி சரி. தன்னுடையதல்லாத புத்திக்குப் பேர் வாங்குகிறவர்கள்தான் இருவரும். ஆனால் கோகோரோவின் நாற்காலிக்குப் பின்னால் கோனான் ஒளிந்திருக்கிறான். சாம்புவின் பின்னால் யாரும் இல்லை. கதவைத் திறந்து பார்த்தால் சுவர்.

ஜப்பானில் இந்த எழுத்து–படக் குடிபெயர்வு நம்மைவிட வெகுதூரம் போயிருக்கிறது. யோகோமிசோ செய்ஷி 1946இல் கிண்டாயிச்சி கோசுகே என்ற துப்பறிவாளரைப் படைத்தார். கசங்கிய பழைய ஜப்பானிய உடை, பதற்றத்தில் தலையைச் சொறிந்து பொடுகு உதிர்க்கும் பழக்கம், திக்குவாய். 1960களில் அவரை வாசகர்கள் ஏறக்குறைய மறந்திருந்தார்கள். 1968இல் காகெமாரு ஜோயா என்ற ஓவியர் ‘எட்டுக் கல்லறைக் கிராமம்’ நாவலை ஒரு சிறுவர் வார இதழில் மாங்காவாக வரைந்தார். அதற்கு வந்த வரவேற்பைப் பார்த்து, 1971இல் கடோகாவா நிறுவனம் மூல நாவலைக் கையடக்கப் பதிப்பாகக் கொண்டுவந்தது. அதன்பின் கிண்டாயிச்சி அலை, 1976இல் சினிமா. கிழவர் யோகோமிசோ திரும்ப எழுத உட்கார்ந்தார். படம் எழுத்தைக் கெடுக்கும் என்பவர்களுக்கு இதைச் சொல்வேன். தேவனுக்கு அந்த வயது கிடைக்கவில்லை. ஆனால் 1942 இதழ்களைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு சாம்புவை அறிமுகப்படுத்தியது கோபுலுவின் கட்டங்கள்தான்.

1992இல் இன்னும் ஒரு படி. அந்தக் கிண்டாயிச்சியின் பேரன் என்று சொல்லிக்கொண்டு ஹாஜிமே என்ற பள்ளிக்கூடப் பையன் மாங்காவில் வந்தான். தூங்குமூஞ்சி, பரீட்சையில் மட்டம், ஆனால் தாத்தாவின் பெயர் மேல் சத்தியம் செய்துவிட்டுக் கொலைகாரனைப் பிடிப்பான். கசங்கிய உடை போய்ப் பள்ளிச் சீருடை. படிக்கிற கூட்டம் பள்ளிப் பிள்ளைகள். துப்பறிவாளரும் அவர்கள் வயதுக்கு இறங்கினார். வியாபாரம் கேட்கும்போது வயது, உடை, பால் எதுவும் நிலையில்லை. அயாட்சுஜி யுகிட்டோவின் ‘பத்துக்கோண வீட்டுக் கொலைகள்’ 1987இல் வந்த நாவல். கியோஹாரா ஹிரோ 2019 முதல் 2022 வரை அதை மாங்காவாக வரைந்தபோது, விசாரணை நடத்தும் கவாமினாமி என்ற இளைஞனைப் பெண்ணாக்கிவிட்டார். அந்த நாவலைப் படமாக்கவே முடியாது என்று நெடுங்காலம் பேச்சு இருந்தது. அதன் சூட்சுமம் எதில் இருக்கிறது என்று சொன்னால் படிக்காதவர்களின் சாபம் என்னைச் சேரும். எழுத்தால் மட்டுமே ஒளிக்கக்கூடிய ஒன்றை அது ஒளித்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒளிப்பதுதான் மர்மக் கதையின் தொழில். ‘ஓர் உருவம் மாடிப்படி ஏறியது’ என்று எழுதிவிட்டால் அது ஆணா பெண்ணா, குட்டையா நெட்டையா என்று யாரும் கேட்க முடியாது. வரைகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. படியில் காலை வைக்கும்போதே புடவையா வேட்டியா என்று தெரிந்துவிடும். கோனான் மாங்காவில் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: குற்றவாளி பிடிபடும்வரை அவன் முழுக்கக் கரிய நிழல். தலைமுடி இல்லை, துணி இல்லை. வெள்ளை விழியும் இளிக்கும் பல்லும் மட்டும். யதார்த்தத்துக்கு ஒத்துவராத ஒன்றை வாசகர்கள் ஒரு மரபாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், கூத்தில் திரை பிடிப்பதை நாம் ஏற்றுக்கொண்டதுபோல.

ஓவியர் முகம் கொடுத்துவிட்டால் எழுதினவருக்கே அந்த முகம் சொந்தமில்லாமல் போகும். 1891இல் ஷெர்லக் ஹோம்ஸுக்கு ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிட்னி பேஜட் படம் போட்டபோது, டாயில் நினைத்ததைவிட ஹோம்ஸ் அழகனாகிவிட்டார். காது மூடும் அந்தப் பிரசித்தமான தொப்பியும் பேஜட் கைவரிசை. இயான் ஃபிளெமிங் தன் ஜேம்ஸ் பாண்ட் எப்படி இருக்க வேண்டும் என்று ஆள் வைத்து வரைந்தே கொடுத்தார். 1958இல் டெய்லி எக்ஸ்பிரஸுக்காக வரையவந்த ஜான் மெக்லஸ்கி அது பழங்காலத்து முகமாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு முரட்டு முகம் ஒன்றைப் போட்டார். அந்த முரடன்தான் 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் வழியே தமிழ் பேசி வந்து சேர்ந்தான். ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு மேலும் ஒரு மாற்றம் நினைவிருக்கும்: நீச்சலுடையில் நின்ற வெள்ளைக்கார அழகிகளுக்கு நம்மூரில் இந்தியன் இங்க் கொண்டு துணி உடுத்தியிருப்பார்கள். கழுத்துவரை திடீர்க் கறுப்பு. கோடு அசல் கோட்டோடு ஒட்டாது; எந்த இடத்தில் என்ன மறைந்திருக்கிறது என்று அதுவே விரல் நீட்டிக் காட்டும். பாண்ட் அதையெல்லாம் கவனிக்காதவன் மாதிரி துப்பாக்கியும் கையுமாக நிற்பான்.

அக்கா மகள் இப்போது சாம்புவை மாங்கா பாணியில் வரைந்து பார்க்கிறாள். விற்கவோ வெளியிடவோ இல்லை, சும்மா கைப்பழக்கத்துக்கு. முன்பாதியையும் ஒருவழியாகப் படித்துவிட்டாள். அவள் திட்டம் இது: சாம்பு அப்படியே இருக்கட்டும், அவர் மனைவி வேம்புவுக்கு எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

“வேம்பு செம ஷார்ப் மாமா. வீட்டுலேயே இருக்கறவங்களுக்கு ஹஸ்பண்ட் எப்படின்னு தெரியாதா? அவங்கதான் பின்னாடி இருந்து கேஸ நகர்த்தறாங்கன்னு வெச்சா இந்தக் காலத்துக்கு செட் ஆகும்.”

நல்ல யோசனைதான். கவாமினாமியைப் பெண்ணாக்கியதைவிட நியாயமான மாற்றம். எழுத்தில் வேம்புவின் எண்ணத்துக்குள் தேவன் அதிகம் போவதில்லை. படத்தில் கோபாலன் வந்து புகழும்போது அடுக்களை வாசலில் நிற்கும் அவளுக்கு ஏதோ ஒரு முகம் கொடுத்தே ஆக வேண்டும். பெருமையா, சந்தேகமா, ஏளனமா? ஆனால் எல்லாம் அவளுக்குத் தெரியும் என்று வரைந்துவிட்டால் அவள் கோனான் ஆகிவிடுவாள். சாம்பு வெறும் கோகோரோ ஆகிவிடுவார். நாற்காலிக்குப் பின்னால் ஆள் வந்துவிடும். தற்செயலே தெய்வமாக நின்று நடத்தும் கதை அத்தோடு சாதாரணத் துப்பறியும் கதையாகிவிடும் என்றேன்.

“அப்போ அவங்களுக்கும் தெரியாதுன்னு வரையணுமா? அப்படி வரைஞ்சா அவங்களும் லூசு மாதிரி தெரிவாங்களே?”

கோபுலுவின் கோபாலனுக்கு நேர்ந்தது வேம்புவுக்கும் நேரும் என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேம்புவின் கட்டங்களை மட்டும் காலியாக விட்டுவிட்டு இன்ஸ்பெக்டரை வரைந்துகொண்டிருக்கிறாள். மீசை வைக்கட்டுமா என்று கேட்டாள். போலீஸ்காரருக்கு மீசை இல்லாமலா, தாராளமாக வை என்று சொல்லியிருக்கிறேன்.